வாங்குகிறவன் கட்டும் காசு

2008 கார்த்திகை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் விடிய முன்னம் நடந்த சுற்றிவளைப்பில், லொட்ஜிலிருந்து இழுத்துப் போன பெடியன்களில் புளோறன்ஸின் மகன் கொன்ஸ்ரன்ரைனும் ஒருவன். அடையாள அட்டை இருந்தது, பொலிஸ் பதிவும் இருந்தது. அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருந்ததே போதும்.

புளோறன்ஸ் பின்னாலேயே பொலிஸுக்கு ஓடினாள். யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் மீன்கூடை சுமந்தே மகனை வளர்த்தவள். கத்திக் கதைத்துத்தான் பழக்கம். அங்கே குரல் எழும்பவில்லை. பொறுப்பதிகாரி சிங்களத்தில் சொன்னதை ஒரு கான்ஸ்டபிள் தமிழாக்கினான். ஊர் மதிக்கிற சிங்கள ஆள் ஒருவர் வந்து, இவனை எனக்குத் தெரியும் என்று பொறுப்பெடுத்தால் விடலாம். இல்லையென்றால் பின்னேரம் வண்டி வரும், ஏற்றிவிடுவார்கள். எங்கே என்று கேட்டாள். கான்ஸ்டபிள் அதைக் கேட்டுச் சொல்லவில்லை.

அவளுக்குத் தெரிந்த சிங்களப் பெயர் ஒன்றே ஒன்று: நீர்கொழும்பு பெர்னாந்து முதலாளி. அவள் தம்பி ஒஸ்வால்ட் கனடா போகுமுன் அந்த முதலாளியின் மீன்வாடியில் ஐஸ் உடைத்து, மீன்பெட்டி ஏற்றி இறக்கியவன். ஒஸ்வால்ட் ஒரு சொல் சொன்னால் முதலாளி எழும்பி வருவார். ஆனால் நீர்கொழும்பில் பாதிப்பேர் பெர்னாந்து. நம்பர் ஒஸ்வால்டிடம்தான்.

லொட்ஜில் பக்கத்து அறை அருந்ததி, விசாவுக்குக் காத்திருக்கிற பிள்ளை, இங்கிலிஷ் எழுத்தில் தமிழை அடித்து மெசேஜ் அனுப்பினாள். மகனைப் பிடித்துவிட்டார்கள், முதலாளிக்கு உடனே எடு. போனில் அனுப்பியாயிற்று என்று விழுந்தது. கனடாவில் அப்போது இரவு, வேலை முடிந்து வந்திருப்பான்.

பதில் வரவில்லை. கொழும்பில் மெசேஜ் போனால் மூச்சு விடுமுன் பதில் வரும். உள்ளூர் மெசேஜுக்கு வெறுந்தேத்தண்ணிக் காசுகூடப் போகாது. வெளிநாட்டுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. கோல் எடுத்தால் போன் காட் காசு கரைந்துவிடும். அதனால் சனம் எல்லாவற்றுக்கும் மெசேஜ்தான். அருந்ததி இன்னொருக்கால் அனுப்பினாள். பிறகும் ஒருக்கால்.

தம்பி பார்க்காமல் கிடக்கிறான் போல என்று நினைத்து, புளோறன்ஸ் அவன் நம்பருக்கு அடித்து ஒரு மணியோடு வெட்டினாள். அந்தச் சத்தத்துக்காவது போனை எடுத்துப் பார்ப்பான், மெசேஜ் கண்ணில் படும்.

ஒரு மணியோடு வெட்டுகிற ரிங் கட் அக்கா தம்பிக்குள் வருஷக்கணக்காக இருக்கிற ஏற்பாடு. நாங்கள் சுகம், திருப்பி எடுக்க வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். சதம் செலவில்லை. துன்பத்துக்கென்று மணி எதுவும் வைக்கவில்லை, அதற்கு மெசேஜ் இருக்கிறது என்று விட்டிருந்தார்கள். அந்த நேரம் அவளுக்கு இது ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

மத்தியானமாயிற்று. பதில் இல்லை. இப்போது அவளுக்குத் தம்பியில் ஆத்திரம் வந்தது. மடு மாதா திருநாளுக்குச் சொந்தக்காரர் எல்லாரும் வாழ்த்து அனுப்ப, அவன் போன் எடுத்து முறைப்பட்டவன். நீங்கள் அனுப்புகிற ஒவ்வொன்றுக்கும் இங்கே நான்தான் காசு கட்டுகிறேன் என்றான். அவள் நம்பவில்லை.

"கடிதம் குடுத்திட்டுத் தபால்காரன் காசு கேப்பானேடா? பொய் சொன்னாலும் அளவாச் சொல்லு," என்று சிரித்திருந்தாள்.

அவன் சிரிக்கவில்லை. அந்தக் கோபத்தை மனதில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறான் என்று அவளுக்குப் பட்டது. கனடாவுக்குப் போனதும் நெஞ்சும் பனியாகிவிட்டது என்று அருந்ததியிடம் தம்பியைத் திட்டித் தீர்த்தாள். நேரடியாக எடுத்துக் கதையுங்கோ அன்ரி என்று அந்தப் பிள்ளை சொன்னபோது, செய்தியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் கிடக்கிறவனிடம் நான் என்னத்துக்குக் கெஞ்ச வேண்டும் என்றாள். பின்னேரம் வரப்போகிற வண்டி நினைவுக்கு வர எழும்பி, முந்தானையைச் செருகிக்கொண்டு, வெளிநாட்டுக் கோல் எடுக்கிற கொமினிகேஷன் கடைக்கு நடந்தாள்.

மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் நித்திரைக் குரலில் எடுத்தான்.

"அக்கா? என்ன, விடியப்புறத்தில?"

"மெசேஜ் பாக்கேல்லையோ நீ?"

"என்ன மெசேஜ்? காசு போகுதெண்டு அதைக் கொம்பனிக்குச் சொல்லி நிப்பாட்டிப் போட்டனே. ஒண்டும் வராது."

"போனதெண்டு இஞ்ச காட்டுதேடா."

"அங்க காட்டும். எனக்கு வராது. ராத்திரி உங்கட ரிங் கட் மட்டும் கண்டனான். சுகமா இருக்கிறியள் எண்டு நினைச்சுப் படுத்திட்டன்."

அவள் மகனுக்கு நடந்ததைச் சொன்னாள். வையுங்கோ அக்கா, முதலாளிக்கு எடுக்கிறன், வையுங்கோ என்றான்.

பொலிஸுக்கு முன்னால் அவள் போய் நிற்க, பெர்னாந்து முதலாளி வந்தார். அதைக் குறை சொல்ல முடியாது. மீன் ஏற்றுகிற வான் வண்டியில், மீன் வெட்டிய உடுப்போடு, செதில் ஒட்டிய கையோடு வந்து இறங்கினார். பொலிஸுக்குள் போனார். உள்ளே கதிரை இழுபட்டது, யாரோ சிரித்தார்கள். வெளியே வந்தபோது அவர் முகம் கறுத்திருந்தது.

"நங்கி," என்றார், சிங்களத்தில் தங்கச்சி. "மகன ஏத்திட்டாங்க. இப்பதான் போயிருக்கு. காலையில ஒஸ்வால்ட் ஒரு கோல் எடுத்திருந்தா நான் பறந்து வந்திருப்பன் தானே."

"எங்க கொண்டு போறாங்களாம்?"

"கேட்டேன். சொல்றாங்க இல்ல."

திரும்பிப் போய்க் கேளுங்கோ ஐயா, எந்த வண்டி, ஆர் ஏத்தினது, அதையெண்டாலும் கேளுங்கோ என்று அவள் அவர் கையைப் பிடித்தாள். அவர் பொலிஸ் வாசலைப் பார்த்தார், தன் வான் வண்டியைப் பார்த்தார்.

"ரெண்டாந்தரம் கேட்டா, நீ யாருன்னு என்னயக் கேப்பாங்க," என்றார் மெதுவாக. அது உண்மைதான். அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். லொட்ஜில் இறக்கிவிடுகிறேன் என்று வான் கதவைத் திறந்தார்.

அவள் ஏறவில்லை. வாசலுக்குப் போனாள். காவலுக்கு நின்றவன் துவக்கைக் குறுக்கே பிடித்தான். மகனை எங்கே கொண்டு போனீர்கள் என்று தமிழில் கேட்டாள். அவனுக்கு விளங்கவில்லை. லொட்ஜ் சமையல்காரியிடம் கேட்டுப் பழகிய சிங்களத்தில் ஏதாவது நாக்கில் வருமா என்று தேடினாள்.

"மகே புதா," என்றாள். என் மகன். அதற்கு மேல் கேட்கிற சொற்கள் அவளிடம் இல்லை. "மகே புதா, மகே புதா."

அவன் துவக்கு நுனியால் ரோட்டின் மறுகரையைக் காட்டினான். அங்கே ஏற்கனவே நாலைந்து தாய்மார் நின்றார்கள்.