மூடியின் உள்பக்கம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ‘மேலே’ என்று பட்டப்பெயர் வைத்தால் அது கேலியா, உண்மையா என்று சொல்வது கஷ்டம். இவர் விஷயத்தில் இரண்டும்தான். பதினெட்டு வருஷமாக அந்த ஆஸ்பத்திரியில் லிஃப்டுகளை மேலே அனுப்புவதும் இவர்தான், சம்பளம் உயராவிட்டாலும், காபி ஆறிப்போனாலும், “இதெல்லாம் எத்தனை நாளைக்கு? நமக்கு வீடு மேலேதான்” என்று விரலைத் தூக்கிக் காட்டுவதும் இவர்தான். எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் ஊருக்குப் போகும்போது வீட்டுச் சாவியை இவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு சர்ச்சில், சபையார் முன்னால், ஆண்டவர் தனக்குச் செய்ததை இவர் சாட்சியாகச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் லிஃப்டின் பிரேக்கைத் திறந்து பார்ப்பது மட்டும் பாக்கி. நாலு திருகு, கால் மணி நேர வேலை. எத்தனை நாளைக்கு இந்த இரும்பு என்று நினைத்தபடியே, ‘பார்த்தாயிற்று’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டு ஓடினார். சாட்சி பிரமாதமாக அமைந்தது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, துப்புரவு வேலை செய்யும் அம்மா வெளியே கால் வைக்கும்போது மூன்றாம் லிஃப்ட் நழுவியது. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

பழி, கூட வேலை பார்க்கும் மீசைக்காரர் தலையில் விழுந்தது. புதன்கிழமை அந்த லிஃப்டைத் தூக்கும் கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டவர் அவர். செவ்வாய்க்கிழமை பிரேக் நன்றாக இருந்தது என்று இவருடைய கையெழுத்து சொல்கிறது. அப்படியானால் பிரேக்கில் எண்ணெய் சிந்தியது யார்? மீசைக்காரருக்கு வேலை போய்விடும் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

மீசைக்காரர் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

“நீங்க பாத்திருந்தா சரியாத்தான் இருந்திருக்கும் அண்ணே. எண்ணெய் சிந்தின ஞாபகம் எனக்கு இல்ல. ஆனா சிந்தியிருக்கணும், இல்லையா?”

இவர் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“மூணு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றார். மெஷின் ரூமைத் தொறந்து வைங்க” என்று மேனேஜர் சொல்லி அனுப்பினார்.

தனியாக மேலே ஏறினார். இவருக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு முறை பிரேக்கைப் பார்த்த பிறகும் மூடியின் உள்பக்கம் சாக்பீஸால் தேதி எழுதிவிட்டு மூடுவார். அது வேறு யாருக்கும் தெரியாது. சாக்பீஸ் சட்டைப் பையில் இருந்தது. இன்ஸ்பெக்டர் மூடியைத் திறக்குமுன் செவ்வாய்க்கிழமைத் தேதியை எழுதிவிட அரை நிமிஷம் போதும். முதல் திருகின் முன்னால் குனிந்து உட்கார்ந்தார்.

ஜெபம் வரவில்லை. நியாயங்கள்தான் வரிசையாக வந்தன. மகள் கல்யாணம் நெருங்குகிறது. சபைக்குக் கெட்ட பேர் வரும். ஆண்டவர் பெயருக்கே இழுக்காகும். அந்தக் கடைசி நியாயம் அவ்வளவு அழகாக இருந்ததால்தான் இவருக்குப் பயம் பிடித்தது.

“எத்தனை நாளைக்கு?” என்று வாய் பழக்கத்தில் முணுமுணுத்தது. இத்தனை வருஷம் சுலபமாக இருந்த கேள்வி. இந்தப் பொய் மட்டும் இங்கேயே நிற்காது, தன்னோடு மேலே வரைக்கும் வரும் என்று தோன்றியது.

இறங்கி நேரே மேனேஜர் அறைக்குப் போனார்.

“செவ்வாய்க்கிழமை நான் பிரேக்கைத் தொறக்கவே இல்ல சார். பாக்காமலே கையெழுத்துப் போட்டேன்.”

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அன்போடு பார்த்தார். “நீங்க இப்படி வந்து நிப்பீங்கன்னு எனக்குத் தெரியும். அவருக்காகப் பழியை ஏத்துக்கிறீங்க. இந்த மனசு வேற யாருக்கு வரும்? போங்க, போய் வேலையைப் பாருங்க.”

உண்மையைச் சொல்லியும் ஆயிற்று, பேரும் கெடவில்லை. கால்கள் வாசல் பக்கம் திரும்பவும் செய்தன. அதை நினைக்கவே இவருக்கு வெட்கமாக இருந்தது.

சாக்பீஸையும் மெஷின் ரூம் சாவியையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

“பாக்கிற ஒவ்வொரு தடவையும் மூடிக்கு உள்பக்கம் தேதி எழுதுவேன் சார். இன்ஸ்பெக்டரைத் தொறந்து பாக்கச் சொல்லுங்க, போன மாசத் தேதிதான் இருக்கும். இது ரெண்டும் உங்ககிட்டயே இருக்கட்டும். மறுபடி மேல போனா நான் செவ்வாய்க்கிழமைத் தேதியை எழுதிடுவேன்.”

மேனேஜர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு சாவியை எடுத்து இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார்.