மாப்பிள்ளைப் பனி

பனிப்பாறை நடுவதற்கு முன்பே எங்கள் தல்சூரில் பலகை நட்டாயிற்று. ‘பனிமலைக் காப்புக் குழு, தலைவர்: நம்பர்தார் ஹாஜி நியாஸ் அலி’ என்று பச்சை எழுத்தில், அதன் கீழே சின்னதாகச் செயலாளர் பெயரும். ஊர்த்தலைவரான நம்பர்தாரின் வயல் கால்வாயின் தலையில் இருக்கிறது. என்னுடையது வாலில். மலையில் பனி எவ்வளவு இளைத்தாலும் தலைக்குத் தண்ணீர் வந்துவிடும். வாலுக்கு இந்த ஜூன் மாதம் ஈரம்கூட வரவில்லை. பார்லி முழங்கால் உயரம் வருவதற்குள் காய்ந்துபோனது.

என் மனைவி சகீனா மூட்டை கட்டிவிட்டாள். ஸ்கர்தூ நகரத்தில் அவள் அண்ணன் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறதாம்.

“ஒழுங்கா நட்டீங்கன்னா எத்தனை வருஷமானாலும் காத்திருப்பேன். ஏனோதானோன்னு நட்டீங்கன்னா வசந்தத்துல கிளம்பிருவேன்” என்றாள்.

எங்கள் பக்கத்தில் பனிப்பாறைக்கு ஆணும் பெண்ணும் உண்டு. ஆண் கறுப்பு. மேலெல்லாம் கல்லைச் சுமந்துகொண்டு கிடந்த இடத்திலேயே கிடக்கும், தண்ணீர் தராது. வீட்டு ஆண்களைப் பற்றியும் எங்கள் பெண்கள் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறார்கள். பெண் நீலவெள்ளை. ஊர் குடிப்பது அவளுடைய தண்ணீரைத்தான். இரண்டையும் வெட்டி வந்து, வெயில் படாத மலைப்பிளவில் சேர்த்து வைத்து, கரியும் உமியும் போட்டு மூடினால் சில வருடங்களில் புதுப் பனிப்பாறை பிடிக்கும். சுமப்பவர்கள் வழியில் வாய் திறக்கக் கூடாது. பனி தரையில் படக் கூடாது. பட்டால் கல்யாணம் நின்ற மாதிரிதான்.

கறுப்புப் பனி எங்கள் மலையிலேயே உண்டு. பெண் பனிக்கு எதிர்மலை ஊரான பியங்ராவிடம் போக வேண்டும். மேய்ச்சல் நிலத்துக்காக இருபது வருடம் எங்களோடு முகம் கொடுத்துப் பேசாதவர்கள், கேட்டதும் சரி என்றுவிட்டார்கள். நம்பர்தாருக்கு அங்கேதான் உறுத்தியது. கல்லெறிகிறவன் திடீரென்று பெண் கொடுக்கிறான் என்றால் பெண்ணிடம் ஏதோ கோளாறு இருக்க வேண்டும் என்று கூட்டம் போட்டுச் சொன்னார். கறுப்புப் பனியைக் கழுவி வெள்ளையாக்கித் தள்ளிவிடுவார்களாம். பனியைக் கழுவினால் என்ன மிஞ்சும் என்று யாரும் கேட்கவில்லை. தலைவர் பேசும்போது கேட்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. உள்ளதைச் சொன்னால், எனக்கும் சந்தேகம் தொற்றிக்கொண்டது.

நவம்பரில் ஒரு காலை பியங்ராவிலிருந்து அபூசர் என்பவர் பெண் பனியோடு வந்தார். எல்லையில் அவர் முதுகிலிருந்த கூடை என் முதுகுக்கு மாறியது. பெண் வீட்டுச் சார்பில் அவரும் கூடவே நடந்தார். மாப்பிள்ளைப் பனிக் கூடையை நம்பர்தாரின் மருமகன் ஷப்பீர் சுமந்தான். குழுவின் செயலாளர் அவன்தான். நம்பர்தார் கையில் எதுவும் இல்லை, தலைமை மட்டும்தான்.

ஒரு மணி நேரம் ஏறியதும் என் முதுகில் தண்ணீர் சொட்டியது. நம்பர்தார் பார்த்துவிட்டார். பேச முடியாது. புருவத்தைத் தூக்கி அபூசரை முறைத்தார். அபூசர் வானத்தைப் பார்த்தார். குற்றம் செய்தவன்தான் வானத்தைப் பார்ப்பான் என்று எனக்கும் பட்டது. மழை வருமா என்று பார்க்கிறவனும் அப்படித்தான் பார்ப்பான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

அதற்குமேல் நம்பர்தாரால் பொறுக்க முடியவில்லை. பின்னால் வந்து கூடையின் கம்பளியை விலக்கி உள்ளே கையை விட்டார். நான் திமிறினேன். படக்கென்று ஒரு சத்தம். உள்ளங்கையளவு துண்டு உடைந்து அவர் கையோடு வந்துவிட்டது.

நீலவெள்ளை. அப்பழுக்கில்லாத நீலவெள்ளை.

துண்டைத் திரும்பக் கூடையில் போடப் போனார். அபூசர் கம்பளியை இழுத்து மூடி, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டார். கீழே போடவும் வழியில்லை. பனி தரையில் படக் கூடாது, பேசவும் கூடாது. எங்கள் தலைவர் வெறுங்கையில் பனியோடு மூன்று மணி நேரம் மலை ஏறினார். இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு, அந்தக் கையிலிருந்து தொப்பிக்கு, தொப்பியிலிருந்து மறுபடி கைக்கு. குழு தொடங்கியதிலிருந்து அவர் சுமந்த முதல் சுமை அதுதான்.

பிளவில் இரண்டு பனியையும் இறக்கினோம். நம்பர்தாரின் துண்டு நெல்லிக்காய் அளவுக்கு வந்திருந்தது, அதையும் மரியாதையாக வைத்தார். துஆ ஓதி, கரியும் உமியும் தூவி முடித்தபின் பேசலாம் என்று ஆனது. அபூசர் தாடியைத் தடவிக்கொண்டார்.

“பொண்ணை வழி நெடுகப் பார்த்தீங்க, ஹாஜி. நல்லா பார்த்துக்குங்க, எங்களுக்கொண்ணும் வருத்தமில்ல. உங்க மாப்பிள்ளைய யாராவது பார்த்தீங்களா?”

ஷப்பீர் வானத்தைப் பார்த்தான்.

உமியை ஓரமாக ஒதுக்கிப் பார்த்தேன். கறுப்பு பூசியது போல மேலே மட்டும்தான் இருந்தது. நகத்தால் சுரண்டினால் உள்ளே வெள்ளை, அதுவும் பொலபொலவென்று. நம்பர்தாரின் தோட்டத்துக்குப் பின்னால் போன வாரம் சரிந்து கிடந்த பனிக்குவியல் என் நினைவுக்கு வந்தது. கறுப்புப் பனிப்பாறைக்கு ஒரு நாள் நடக்க வேண்டும். தோட்டத்துக்குப் பின்னால் போக ஒரு நாள் தேவையில்லை.

வீட்டுக்கு வந்ததும் சகீனா கேட்டாள். “ஒழுங்கா நட்டாச்சா?”

“பொண்ணு ஒழுங்கு” என்றேன்.

அவள் மூட்டையைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டினாள்.

பிளவை அடைக்கும் மேல்கல்லை ஏழாம் நாள்தான் வைப்பார்கள். அதற்குள் யாரிடமும் சொல்லாமல் கறுப்புப் பனிப்பாறைக்குப் போனேன். இரண்டு மணி நேரம் கோடரியால் வெட்டி, கல்லோடு சேர்த்துக் கூடையில் போட்டுச் சுமந்தேன். தனியாகப் போகிறவனுக்கு வாயை மூடிக்கொள்வது சிரமமில்லை. பிளவுக்கு ஏறும் கடைசித் திருப்பத்தில் எதிர்ப்பாதையிலிருந்து ஒருவர் மூச்சு வாங்க வந்தார். முதுகில் கூடை. விரல்களில் துணிக்கட்டு. நம்பர்தார்.

இருவரும் நின்றோம். பேச முடியாது. அவர் எட்டி என் கூடைக்குள் பார்த்தார். நான் அவர் கம்பளியை விலக்கி அவர் கூடைக்குள் பார்த்தேன். அதோடு விடாமல் நகத்தால் சுரண்டியும் பார்த்தேன். உள்ளேயும் கறுப்பு.

இரண்டையும் நீலப் பனியின் பக்கத்தில் இறக்கி, பழைய மாப்பிள்ளையை வெளியே தள்ளினோம். அது வெயிலில் உருண்டு போனது. மூடி முடித்ததும் நம்பர்தார் தொண்டையைச் செருமினார்.

“ஷப்பீர் நல்ல பையன்தான், ஜவாத். ஆனாலும் ஒரு எச்சரிக்கைக்கு…”

“ஆமா ஹாஜி. நானும் ஒரு எச்சரிக்கைக்குத்தான்.”

பலகையில் செயலாளரின் பெயர் இன்னும் இருக்கிறது. நம்பர்தாரின் பெயரும்தான், முன்னைவிடப் பெரிதாக.

நடந்ததை எல்லாம் சகீனாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. என் கையைப் பிடித்து விளக்கருகில் இழுத்து நகக்கண்களைப் பார்த்தாள். கறுப்பாக இருந்தன. முகர்ந்தும் பார்த்தாள், அடுப்புக் கரியோ என்று. பிறகு மூட்டையைத் திறந்து விதைப் பார்லியை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, மற்றதை மறுபடி கட்டி வைத்தாள்.