ஒருத்தர் தூக்கி வந்த கதை

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: வியாழக்கிழமை மாலை, ஜெபமாலை முடிந்த கையோடு, புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், ஓய்வுபெற்ற ஸ்டாஃப் சார்ஜண்ட் ஆர்னால்ட் அவர்கள் ஐந்து நிமிடம் உரையாற்றுவார். தேசம் தன் இதர அலுவல்களை அதற்கேற்ப ஒத்திவைத்துக்கொள்ளலாம்.

பேச வேண்டியது செத்துப்போன லாசரஸைப் பற்றி. சிக்கலே அங்கேதான்.

இருவரும் ஒரே நாளில் ராணுவத்தில் சேர்ந்தவர்கள். லாசரஸ் வாரண்ட் ஆபிசர் ஆனார்; அந்தப் பதவிக்காரரைப் படை முழுக்க 'என்சிக்' என்று மரியாதையாகக் கூப்பிடும். ஆர்னால்ட் ஒரு படி கீழே, வெறும் 'ஸ்டாஃப்' என்ற அழைப்போடு நின்றுபோனார். அதையாவது விட்டுத்தள்ளலாம். லாசரஸுக்கு ஐந்து பிள்ளைகள். ஞாயிறு தவறாமல் ஐந்து பேரும் அப்பா வீட்டில்தான் சாப்பாடு. மனைவி பிரிஜட் அறுபது வருடமாக அந்த மனிதரின் சட்டைக் காலரை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். எண்பத்தெட்டு வயதிலும் லாசரஸ் சொந்தப் பல்லால் நண்டு கடித்தார். ஆர்னால்டுக்கு வாய்த்தது பெர்த்தில் ஒரு மகன், தஞ்சோங் பகாரில் ஒரு மூவறை வீடு, தம்ளர் தண்ணீரில் பல்.

வருகிற வழியில் லிட்டில் இந்தியாவில் இறங்கி, முடிதிருத்தும் கடையில் மீசைக்குச் சாயம் ஏற்றிக்கொண்டார். லாசரஸைவிடப் பத்து வயதாவது குறைவாகத் தெரிய வேண்டும் என்பது திட்டம். வந்ததும் சவப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அலங்காரம் செய்தவர்களின் கைவரிசையில், லாசரஸ் அறுபது வயதுக்காரராக, பதக்கங்களோடு பளபளவென்று படுத்திருந்தார். செத்தும் முந்திக்கொண்டான் பாவி.

"வாங்க ஸ்டாஃப்," என்றார் பிரிஜட். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "அவரைப் பத்தி நீங்க நாலு வார்த்தை பேசினாத்தான் எனக்கு நிறைவு. ஜோகூர் காட்டுல பயிற்சி எடுத்தீங்களே, அதைச் சொல்லுங்க."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அந்தக் காட்டில்தான் ஆர்னால்டின் ஒரே சொத்து கிடந்தது. ரஞ்சன் என்ற சிப்பாய் கணுக்கால் பிசகி விழுந்தபோது, அவரை முதுகில் சுமந்து வந்தவர் ஆர்னால்ட். லாசரஸ் அன்று பேதியாகி முகாமில் சுருண்டு கிடந்தார். லாசரஸ் செய்யாத, ஆர்னால்ட் செய்த ஒரே காரியம். இன்றைக்கு அதை ஊரறியச் சொல்லிவிட்டால் போதும், என்சிக்காவது, பதக்கமாவது.

ஆனால் சாவு வீட்டில் போய் 'நான்தான் தூக்கினேன்' என்று சொல்வது அழகா? நம் ஆட்கள் தற்பெருமை பேசமாட்டார்கள். பிறர் வற்புறுத்தினால் மட்டும் மணிக்கணக்கில் பேசுவார்கள். ஆகவே, 'ஒருத்தர் தூக்கினார்' என்று நிறுத்துவது. யார் யார் என்று கூட்டம் கேட்கும். தலையைக் குனிந்து சிரிப்பது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் அதே ரஞ்சன் எழுந்து கை காட்டுவார். அவ்வளவுதான்.

லாசரஸின் பேத்தி பெதானி மைக்கை நீட்டினாள். "அங்கிள், ஃபைவ் மினிட்ஸ் ஓகேயா? ஃபாதர் கிளம்பணும்லா."

ஆர்னால்ட் தொண்டையைக் கனைத்தார். "நல்ல மழை. முழங்கால் வரைக்கும் சேறு. ரஞ்சனால எழுந்திரிக்க முடியல. அப்ப ஒருத்தரு, பேரெல்லாம் வேண்டாம், அவரை அலக்காத் தூக்கி முதுகுல போட்டாரு. பசியைப் பாக்கல, தாகத்தைப் பாக்கல. அப்படி ஒரு மனுஷன்..."

நிறுத்தினார். தலையைக் குனிந்தார். காத்திருந்தார்.

ஒருவரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? துக்க வீட்டில் 'ஒருத்தர்' என்றால் பெட்டியில் படுத்திருப்பவர்தானே. மூத்த மகன் விம்மினான். பிரிஜட் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அறுபது வருஷத்துல எங்கிட்ட ஒரு தரம்கூட இதைச் சொல்லலையே," என்றார். "பெருமையே அடிச்சுக்கத் தெரியாது அவருக்கு."

"இல்லம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"புரியுது ஸ்டாஃப்." ஃபாதர் தோளில் தட்டி, மைக்கை மெதுவாக உருவிக்கொண்டார். "அழணும்னா அழுதுடுங்க."

ஆர்னால்டுக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. அதையும் லாசரஸின் கணக்கில்தான் எழுதிக்கொண்டார்கள்.

மிச்சமிருந்தது ரஞ்சன். பெதானி அதற்குள் போனைத் தூக்கிக்கொண்டு அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். "ரஞ்சன் அங்கிள், வீடியோ எடுக்கிறேன். தாத்தாவா உங்களைத் தூக்கிட்டு வந்தாரு?"

ஆர்னால்ட் பிளாஸ்டிக் நாற்காலிகளை இடித்துக்கொண்டு ஓடினார். "நல்லா யோசிச்சுச் சொல்லு, ரஞ்சன். யாரு தூக்குனது?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ரஞ்சன் வாயிலிருந்த வேர்க்கடலையை மென்று விழுங்கினார்.

"யாரும் தூக்கலையே. லாரியில வந்தேன்."