ஐயையோ மிக்ஸ்

பெட்டி ஒரு நாளைக்கு நானூறு தடவை, ஓடுகிற நாடாவைச் சட்டென்று நிறுத்தும் பாஸ் பட்டனை அமுக்குவாள். சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் கேசட் ரெக்கார்டர் செய்யும் தொழிற்சாலையில் அதுதான் அவள் வேலை. வரிசையாக வந்து நிற்கும் ஒவ்வொரு ரெக்கார்டரிலும் நாடாவை ஓடவிட்டு, பாஸை அமுக்கி, விடுவித்து, உடனே நிற்கிறதா உடனே ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

"பெட்டியப் பெட்டி செக் பண்ணுது" என்று கூட வேலை செய்யும் பெண்கள் தினமும் சிரிப்பார்கள். இருபத்து மூன்று வயதில் இந்த ஜோக்கை அவள் இருபத்து மூவாயிரம் தடவை கேட்டாகிவிட்டது.

மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், அதே விரல் வேறு வேலை பார்க்கும். அறுபதுகளின் ராக் பாட்டு என்றால் அவளுக்கு உயிர். பழைய இசைத்தட்டு ஒன்றை ஓடவிட்டு, பிடித்த இரண்டு அடியை மட்டும் கேசட்டில் பிடிப்பாள். பாஸ். முள்ளைத் தூக்கிப் பின்னால் வைப்பாள். அதே இரண்டு அடி மறுபடி. பாஸ். இப்படிக் கோத்துக் கோத்து மூன்று நிமிஷப் பாட்டை ஏழு நிமிஷமாக இழுத்து, கால் தானாக ஆடுகிற மாதிரி செய்துவிடுவாள். டிஸ்கோக்களில் பெரிய மெஷின் வைத்துச் செய்வதை, 1985ஆம் வருஷம் ஒரு மூன்றறை வீட்டின் படுக்கையறையில் அவள் ஒற்றை விரலால் செய்துகொண்டிருந்தாள்.

அவளுடைய மிக்ஸ்களிலேயே உச்சம், 'தி ரெட் அம்ப்ரெல்லாஸ்' என்ற சிங்கப்பூர்ப் பையன்களின் குழு 1966இல் பாடிய ஒரு பாட்டு. கடைசி பஸ்ஸில் ஏறிப் போய்விட்ட பெண்ணைப் பற்றிய ஆங்கிலப் பாட்டு. நடுவில் ட்ரம், கிட்டார் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். ஒரு விநாடி அமைதி. அதில் பாடகன் மட்டும், "ஐயையோ!" என்பான். அடுத்த விநாடி எல்லாம் சேர்ந்து பாயும்.

சீன நண்பர்கள், மலாய் நண்பர்கள் எல்லாரும் அதை ஏதோ வெள்ளைக்கார ராக் கூச்சல் என்று நினைத்தார்கள். பெட்டிக்கு மட்டும் அது சுத்தமான தமிழாகக் கேட்டது. அந்த ஒரு விநாடியைத் தனியாக எடுத்து, பதினாறு தடவை அடுக்கினாள். "ஐ... ஐ... ஐஐ... ஐயையோ!" பதினோரு ஞாயிறு பிடித்தது.

இதற்கு ஒரே ஒரு தடவை, ஒரு ஹால் நிறைய ஆட்கள் எழுந்து ஆடுவதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. அதற்கு ஒரே ஒரு நாள்தான் இருந்தது. வரும் சனிக்கிழமை மதியம் கோயில் ஹாலில் இளைஞர் டீ டான்ஸ், டீயும் வடையுமாக ஒரு பகல் நேர ஆட்டம். அதன்பிறகு ஹாலை இடித்துக் கட்டப் போகிறார்கள், இரண்டு வருஷத்துக்கு ஒன்றும் கிடையாது. பாட்டுப் போடும் பொறுப்பு பெட்டியுடையது. ஆனால் எந்தப் பாட்டையும் முதலில் லாசரஸ் அங்கிள் கேட்டுத் தலையாட்ட வேண்டும்.

லாசரஸ் அங்கிள் கோயிலின் பாடகர் குழுவான கொயரை நடத்துகிறவர். ஜூரோங் கப்பல் பட்டறையில் சேஃப்டி சூப்பர்வைசர். ஹாலுக்குள் நுழைந்தால் முதலில் பிளக்குகளைப் பார்ப்பார், பிறகுதான் மனிதர்களை. கேசட்டை வரிசையாகக் கேட்டு, "ஓகே, ஓகே" என்று வந்தவர், "ஐ... ஐ..." வந்ததும் நிமிர்ந்தார். பதினாறு ஐயையோவும் முடிந்த பிறகுதான் பேசினார்.

"நிறுத்து. இது எங்க கெடச்சுது?"

"டன்லப் ஸ்ட்ரீட்ல ரவூப் பாய் கடையில அங்கிள், பழைய ரெக்கார்டு. மிக்ஸ் நான் பண்ணது. நல்லா இருக்கு லா?"

"இது வேணாம். மத்ததெல்லாம் போடு."

"ஏன் அங்கிள்? கெட்ட வார்த்தை ஒண்ணுமே இல்லையே."

"அடுத்தவன் குரலை வெட்டி ஒட்ட நீ யாரும்மா? பாடினவன்கிட்ட பெர்மிஷன் வாங்கிட்டு வா. அப்புறம் பேசலாம்."

இருபது வருஷத்துக்கு முந்தைய பாடகனை இவள் எங்கே போய்த் தேடப் போகிறாள் என்ற தைரியம் அவருக்கு. பெட்டி மறுநாளே வேலை முடிந்து பஸ் பிடித்து டன்லப் ஸ்ட்ரீட்டில் இறங்கினாள்.

ரவூப் பாய் கடை ஒரு கதவு அகலம்தான் இருக்கும். தரையிலிருந்து கூரை வரை இசைத்தட்டு. பெட்டி அந்தத் தட்டின் நடுவில் அச்சடித்திருந்த பெயரைக் காட்டினாள்.

"பாய், இந்த லாரி லாமோர்ங்கிறவரு இப்ப எங்க இருக்காரு?"

ரவூப் பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"லாரியாவது பஸ்ஸாவது! அதெல்லாம் அப்ப ஸ்டைலுக்கு வச்ச பேரு. அந்தப் பாட்டுல ட்ரம் அடிச்சது யாருன்னு நெனைக்கிற? நான்தான்."

"நீங்களா? அப்ப அந்த ஐயையோ..."

"மைக்குல ஷாக் அடிச்சிருச்சும்மா! நல்லாப் பாடிக்கிட்டே இருந்தான், உதட்டுல பட்டுது, ஐயையோன்னான் பாரு, பயத்துல நான் குச்சியக் கீழ போட்டுட்டேன். கிட்டார்க்காரன் செலையா நிக்கிறான். அப்புறம் அவனே விட்ட எடத்துல புடிச்சான், நாங்களும் சேர்ந்துக்கிட்டோம்."

"மறுபடி எடுக்கலையா?"

"எங்க? ரெக்கார்டிங் பண்ண வெள்ளைக்காரரு கை தட்டுறாரு. அந்த எடந்தான் பிரமாதம், யாரும் தொடாதீங்கன்னுட்டாரு. பாட்டு ரேடியோவுல ஓடு ஓடுன்னு ஓடுச்சு. ஆனா பாவம், இவன் மேடையில ஏறினாப் போதும், வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே கூட்டம் ஐயையோன்னு கத்தும். ஒரு வருஷம் தாங்கினான். அப்புறம் மைக்கத் தொடவே இல்ல."

"இப்ப எங்க பாய் இருக்காரு?"

"ஜூரோங்ல சேஃப்டி சூப்பர்வைசர். ஷாக் அடிச்சவன் அந்த வேலைக்குத்தானே போவான்! உங்க கோயில்லதான் கொயர் நடத்துறான்னு கேள்வி. லாசரஸ்."

வெள்ளிக்கிழமை கொயர் பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு, பெட்டி அவரிடம் போய் நின்றாள்.

"அங்கிள், பெர்மிஷன் கேக்க வந்திருக்கேன்."

"பாடினவன்கிட்டக் கேளுன்னு சொன்னேன்ல?"

"அவர்கிட்டத்தான் அங்கிள் கேக்குறேன்."

லாசரஸ் பாட்டுப் புத்தகத்தை மூடினார். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல அங்கிள். வேணாம்னு சொன்னீங்கன்னா போட மாட்டேன். சத்தியமா."

"உனக்குத் தெரியாதும்மா. என் பொண்டாட்டிக்கே தெரியாது. அவ தமிழ் ரேடியோவைத் தவிர வேற எதையும் கேக்க மாட்டா. நாளைக்கு இந்தப் பசங்களுக்குத் தெரிஞ்சுதுன்னு வையி, நான் கொயருக்குக் கையத் தூக்கினாலே ஐயையோம்பானுங்க. பூசை நேரத்துல."

"அது தப்பா வந்ததுன்னு நீங்க நெனைக்கிறீங்க. நான் அதை முந்நூறு தடவையாவது கேட்டிருப்பேன் அங்கிள். அந்தப் பாட்டுல அதுதான் உசுரு. மத்த எடத்துல எல்லாம் இங்கிலீஷ்காரன் மாதிரிப் பாடுறாரு. அந்த ஒரு விநாடி மட்டும் நம்ம ஆளு பாடுறாரு."

அவர் புத்தக அட்டையில் விரலால் தாளம் தட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஒன்பதாவது ஐயையோ அரை பீட் லேட்டா வருது" என்றார்.

"அங்க விரல் வழுக்கிருச்சு அங்கிள்."

"சரி பண்ணு. போட்டுக்க. ஆனா என் பேரு வெளிய வரக்கூடாது."

சனிக்கிழமை மூன்று மணிக்கே ஹால் நிரம்பிவிட்டது. வாசலுக்கு வெளியே லாசரஸின் மனைவி அல்போன்சம்மாள், பெண்கள் குழுவோடு அடுப்பு வைத்து வடை சுட்டுக்கொண்டிருந்தார். உள்ளே லாசரஸ் வயர்களை எல்லாம் இரண்டு தடவை பார்த்துவிட்டு, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். ஆறாவது பாட்டாக பெட்டி அந்தக் கேசட்டைப் போட்டாள்.

முதல் நிமிஷத்திலேயே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். இரண்டாவது நிமிஷத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுவரோடு தள்ளினார்கள். பெட்டி மேஜையைப் பிடித்துக்கொண்டு, ஹாலையே கண் கொட்டாமல் பார்த்தாள். அவள் வெட்டின இடத்தில் தோள்கள் வெட்டின. அவள் நிறுத்தின இடத்தில் கால்கள் நின்றன.

"ஐ... ஐ... ஐஐ... ஐயையோ!"

வெளியே அல்போன்சம்மாள் கையில் ஜல்லிக் கரண்டியோடு நிமிர்ந்தார்.

பதினைந்து வருஷக் கல்யாண வாழ்க்கையில் அந்தச் சத்தத்தை அவர் மூன்றே தடவைதான் கேட்டிருக்கிறார். இரண்டு தடவை கரப்பான் பூச்சிக்கு. ஒரு தடவை மூத்த பையன் பிறந்தபோது. இப்போது உள்ளேயிருந்து அதே சத்தம், விடாமல், ஒன்றன்மேல் ஒன்றாக வருகிறது.

"கடவுளே, ஷாக் அடிச்சிருச்சு!"

சேஃப்டி சூப்பர்வைசரின் மனைவிக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரண்டியோடு ஹாலுக்குள் பாய்ந்தார். "யாரும் கையால தொடாதீங்க! கட்டை எடுங்க, கட்டை!" என்று கத்திக்கொண்டே வாசலோரமிருந்த மெயின் சுவிட்சை இழுத்துவிட்டார்.

பாட்டு பாதி ஐயையோவில் செத்தது. மின்விசிறிகள் சுற்றி ஓய்ந்தன. இருநூறு பேர் தூக்கிய கையோடு நின்றார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த அல்போன்சம்மாள், சுவரோரம் முழுசாக நின்ற கணவரைத் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தார்.

"ஏங்க, நல்லாத்தானே நிக்கிறீங்க! அப்பக் கத்தினது யாரு?"

"பாட்டு ஆன்டி" என்று பெட்டி அவசரமாகச் சொன்னாள். "பழைய ரெக்கார்டு. அதுல வர்ற சத்தம்."

"சும்மா இரும்மா. பதினஞ்சு வருஷமாக் குடும்பம் நடத்துறேன், எனக்குத் தெரியாதா? இது இவரு சத்தம்."

எல்லார் கண்ணும் ஸ்பீக்கருக்கும் லாசரஸுக்குமாகப் போய் வந்தது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் மெல்லக் கிளம்பியது.

"ஐயையோ..."

சிரிப்பு வெடித்தது. இன்னொருவன் கத்தினான். அப்புறம் ஹாலே கத்தியது. பெட்டி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பாட்டும் போச்சு, கொடுத்த வாக்கும் போச்சு.

சத்தம் திடீரென்று அடங்கியது. கண்ணைத் திறந்து பார்த்தாள். லாசரஸ் வலது கையைத் தூக்கியிருந்தார். கத்தினவர்களில் பாதிப் பேர் கொயர்ப் பிள்ளைகள். அந்தக் கை எழுந்தால் வாய் தானாக மூடிவிடும்.

"யார்றா அது சுருதியே இல்லாமக் கத்துறது?" என்றார். முகம் காது மடல் வரை சிவந்திருந்தது. "கீழ இருந்து எடுத்து மேல போகணும். கடைசி யோவை இழுக்கக் கூடாது, வெட்டணும். நான் பாடினது அப்படி. எங்க, சேர்ந்து சொல்லுங்க."

இருநூறு பேர் சேர்ந்து சொன்னார்கள். அல்போன்சம்மாள் வாயில் கை வைத்தார்.

"நீங்க பாடினதா? இங்கிலீஷ்லயா? எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன். முதல்ல மெயினைப் போடு."

அல்போன்சம்மாள் வாசலுக்குப் போய்ச் சுவிட்சைத் தள்ளினார். ரெக்கார்டரை ஓடவிடும் பட்டன் அமுங்கியபடியேதான் இருந்தது. நின்றிருந்த நாடா உடனே வேகம் பிடிக்காமல், அடிவயிற்றிலிருந்து உறுமுவது போல மெல்ல எழுந்து, ஏறி, ஏறி, சரியான சுருதியைத் தொட்ட நொடியில் "ஐயையோ!" என்று வெடித்தது. ஹால் மொத்தமும் ஒரு குதி குதித்தது. அடுத்த மூன்று நிமிஷம் ஒருவரும் தரையில் இல்லை.

லாசரஸ் வேகமாகப் பெட்டியின் மேஜைக்கு வந்தார். குனிந்து, அவள் காதுக்குள் கத்தினார்.

"அந்த உறுமல் பிரமாதம்! அதை எப்படிப் பண்ணின?"

"நான் பண்ணல அங்கிள்" என்று பெட்டி திருப்பிக் கத்தினாள். "ஆன்டி பண்ணாங்க!"