உருண்டை போட்ட குட்டிக்கரணம்

மெத்தை தைப்பவளின் மூத்த மகள் ஒரு குட்டிக்கரணத்துக்குள் போய், வெளியே வர கால் நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டாள். போகும்போது அவளுக்கு ஐந்து வயது, வரும்போதும் ஐந்துதான்.

வீட்டில் அவளை உருண்டை என்று கூப்பிடுவார்கள். பேர்தான் உருண்டை, உருளத் தெரியாது. பள்ளியில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் பாயில் உருண்டு எழுந்து நிற்க, இவள் மட்டும் பாதியில் பக்கவாட்டில் சாய்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். உடற்பயிற்சி டீச்சர் அம்மாவை அழைத்து வழி சொன்னார்: தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், கைகளை அகலமாக ஊன்ற வேண்டும், இடுப்பைத் தூக்கியதும் தொடைக்குப் பின்னால் லேசாகக் கை கொடுத்தால் போதும், கழுத்தை மட்டும் தொட்டுவிடாதீர்கள். அம்மா தலையாட்டிவிட்டு வந்தாள். அந்த வீட்டில் மெத்தைக்கா குறைச்சல்? முன்னறையில் ஒன்றை விரித்து, பிள்ளையைக் குனியவைத்து லேசாகத் தள்ளினாள். உருண்டை உருண்டாள், காணாமல் போனாள், அடுப்பில் பால் பொங்கி வழிகிற நேரத்துக்கு மெத்தையின் மறுமுனையில் கோணலாக எழுந்து நின்று, சரியாக வந்ததா என்று கேட்டாள். அம்மா ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னாள். பஞ்சு அடித்துக்கொண்டிருந்த அப்பா, வேலை அலுப்பில் உனக்குக் கண்ணைக் கட்டியிருக்கும் என்றார். மறுநாளும் அப்படியே நடந்தது, அதற்கு மறுநாளும். எப்படியும் வந்துவிடுகிறாளே என்று பயத்தை மென்று விழுங்கிக்கொண்டு அவர்கள் பழகினார்கள்.

விடுதி ஒன்றுக்கு ஏகப்பட்ட மெத்தைகள் அனுப்பவேண்டியிருந்த நாளில்தான் அது நடந்தது. தைத்த மெத்தையைச் சுருட்டுவது லேசான வேலையல்ல. முழங்காலால் அழுத்தி, உள்ளங்கையால் ஒரே தள்ளாகத் தள்ளி, பிரிவதற்குள் கயிறு போட்டுவிட வேண்டும். காலையிலிருந்து அம்மா அதையே செய்துகொண்டிருந்தாள். பக்கத்து மெத்தையில் உருண்டை குனிந்து நின்று, தன்னையும் தள்ளச் சொல்லி நச்சரித்தாள். அம்மா திரும்பினாள். முழங்கால் முன்னால் போனது, உள்ளங்கை பிள்ளையின் கழுத்தில் விழுந்தது. மெத்தையைத் தள்ளுகிற அதே தள்ளு. பால் பொங்குகிற நேரம் போனது. இருட்டியது. உருண்டை வரவில்லை.

போலீஸ்காரர்கள் வந்து மெத்தையைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். பிரித்தால் பிள்ளை எந்த வழியாக வருவாள் என்று கேட்டு, அம்மா அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். அவர்கள் போய்விட்டார்கள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னபோது, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அந்த வீட்டையே வாங்கினார்கள். மறுமுனையில் ஒரு நாற்காலிகூடப் போட விடமாட்டாள் அம்மா, வருகிற பிள்ளையின் தலை இடித்துவிடுமே. ஆள் இல்லாத வேளையில் வந்து பயந்து அழுவாளே என்று அம்மாவும் அப்பாவும் முறைவைத்து விழித்திருந்தார்கள். அதையெல்லாம்விடப் பெரிய பயம் ஒன்றை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சின்னக் கழுத்து என்ன ஆகியிருக்கும்? சாப்பாட்டில் கை வைக்கும்போதெல்லாம் அவளுடைய உள்ளங்கைக்கு அந்தக் கழுத்து தட்டுப்பட்டது.

இரண்டாவதாக ஒருத்தி பிறந்தாள், அக்காவைப் பார்க்காமலே அக்கா என்று சொல்லப் பழகினாள், மெத்தையைச் சுற்றி நடக்கப் பழகினாள், வளர்ந்து ஊசி பிடித்தாள். அம்மாவை உரித்துவைத்தது போல இருக்கிறாள் என்று வாடிக்கையாளர்கள் சொன்னார்கள். அம்மாவுக்கோ தலை முழுக்க நரைத்து, முதுகும் வளைந்துவிட்டது.

ஒரு பிற்பகலில் இளையவள் காவல் இருந்தபோது உருண்டை மெத்தையின் மறுமுனையில் எழுந்து நின்றாள். இந்தத் தடவை கால்கள் சேர்ந்திருந்தன. இரண்டு கையையும் தூக்கி, "சரியா வந்துச்சாம்மா?" என்றாள் இளையவளைப் பார்த்து. இளையவள் வாயில் வந்த அக்கா என்ற சொல்லை விழுங்கினாள், மூலையில் இருந்த அம்மாவைப் பார்த்தாள். அம்மா மெல்லத் தலையாட்டினாள்.

"வந்துச்சும்மா. நல்லா வந்துச்சு," என்றாள் இளையவள்.

மெத்தைகளை இறக்கிவிட்டு வண்டியோடு திரும்பிய அப்பா வாசலில் நின்று பார்த்தார், உள்ளே வராமல் தெருவிலேயே உட்கார்ந்து அழுதார்.

விளக்கு வைத்தபிறகு பிள்ளை, ஊசியில் நூல் கோக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்த கிழவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நூலை வாங்கி நாக்கில் தொட்டுக் கொடுத்தாள். அவள் கழுத்தைத் தொட அம்மாவின் கை நீண்டது, பயத்தில் பாதியிலேயே நின்றது.

"உருளும்போது கழுத்து வலிச்சுதாடா கண்ணு?"

உருண்டை இளையவள் இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"கொஞ்சம் வலிச்சுது பாட்டி. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, பாவம்."

சொல்லமாட்டேன் என்றாள் அம்மா. மறுவாரம் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தார்கள்.