கற்பகத்தின் துணிகள்

குழந்தை பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே ஸ்ரீரஞ்சனி பட்டியல் போட்டுவிட்டாள். எதற்குச் செலவழிப்பது, எதில் மிச்சம் பிடிப்பது என்று. பெருங்குடி ஆபீசில் நாள் முழுக்க இதே வேலை செய்கிறவள் வீட்டில் மட்டும் சும்மா இருப்பாளா? மெத்தை புதுசு, காரில் வைக்கிற சின்ன இருக்கை புதுசு, பால் பாட்டில் புதுசு. இவற்றில் பேச்சுக்கே இடமில்லை. துணிமணி, தொட்டில், குளிப்பாட்டும் டப் எல்லாம் யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொள்வது. தி. நகர்க் கடையில் தள்ளுவண்டியின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்த அவள் கணவன் சுஹாஸ், "என் முதல் பைக்கே இந்த விலைதான்" என்றான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதுவும் அவர்கள் இருக்கும் மயிலாப்பூர் நடைபாதையில் மனுஷர் நடக்கவே இடமில்லை, வண்டியை எங்கே தள்ளுவது? தள்ளுவண்டியைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள்.

துணி விஷயத்தில் குடும்ப வழக்கமும் சிக்கனத்துக்குக் கைகொடுத்தது. பதினோராம் நாள் தீட்டுக் கழிக்கும் புண்யாஹவாசனம் ஆகும்வரை பிறந்த குழந்தைக்கு அவர்கள் புதுத்துணி போடமாட்டார்கள். நன்றாக வளர்ந்த வேறொரு குழந்தையின் பழைய துணியைத்தான் போடுவார்கள். அதைப் போலவே இதுவும் நோய்நொடி இல்லாமல் வளரும் என்று ஒரு நம்பிக்கை. வழக்கத்தில் தப்பில்லை. ஸ்ரீரஞ்சனி அதை மனசுக்குள் எடுத்துக்கொண்ட விதத்தில்தான் தப்பு.

ஸ்ரீரஞ்சனிக்கு ஒரே அக்கா, சூடாமணி. அம்மா போன பிறகு தாயும் அவள்தான். தி. நகரில் இருந்தாள். அவள் மகள் கற்பகத்துக்கு ஏழு வயது. இன்னும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டாள், யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். சூடாமணி அவளை அழைத்துப் போகாத டாக்டர் இல்லை.

"ரஞ்சி, கற்பகத்தோட துணியெல்லாம் வெந்நீர்ல அலசிக் காயப்போட்டு வெச்சிருக்கேன்" என்று ஒருநாள் போன் வந்தது. "மரத்தொட்டிலையும் பரண்லேர்ந்து எறக்கியாச்சு. சுஹாஸை அனுப்பு, எடுத்துண்டு போகட்டும்."

அருமையான துணிகள். ஒரு பைசா செலவில்லை. ஸ்ரீரஞ்சனி பொறியியல் படித்தவள். துணியில் எதுவும் ஒட்டிக்கொண்டு வராது என்று அவளுக்குத் தெரியும். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்கே போயிருப்பாள். ஆனால் அப்போது அவள் கை வயிற்றின்மேல் இருந்தது.

"இல்லேக்கா. எல்லாமே புதுசாத்தான் வாங்கணும்னு சுஹாஸ் ஒத்தக் கால்ல நிக்கறார்."

பாவம் சுஹாஸ், அந்த நேரம் சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தான்.

"புண்யாஹவாசனத்துக்கு முன்னாடி பழசுதானேடி போடணும்?"

"அதெல்லாம் இப்போ யாருக்கா பாக்கறா?"

"அதுவும் சரிதான்" என்றாள் சூடாமணி. தங்கை தன்னிடம் பொய் சொல்லுவாள் என்று அவளுக்கு நினைக்கவே தெரியாது.

அடுத்த வாரம் ஸ்ரீரஞ்சனி மாடி வீட்டுக்குப் போய் ஜொவிட்டாவிடம் பழைய துணி கேட்டாள். ஜொவிட்டா பள்ளிக்கூட டீச்சர். அவள் மகன் ஒரு வயதிலேயே பீரோவைத் தள்ளப் பார்க்கிற ஆகிருதி. இரண்டு பை நிறையத் துணி வந்தது. பட்டியலில் ஸ்ரீரஞ்சனி ஒரு டிக் போட்டுக்கொண்டாள்.

பெண் குழந்தை பிறந்தது. கற்பகத்துக்குக் காய்ச்சல் என்பதால் சூடாமணியால் ஆஸ்பத்திரிக்கு வர முடியவில்லை. எட்டாம் நாள்தான் மகளைக் கூட்டிக்கொண்டு, பிரசவ லேகியத்தோடு வீட்டுக்கு வந்தாள். கையைக் கழுவிக்கொண்டு குழந்தையை மடியில் எடுத்தாள். குழந்தை சாயம்போன மஞ்சள் ஜபலா போட்டிருந்தது. அவள் அதைக் கவனித்தாளோ என்னவோ, ஒன்றும் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஜொவிட்டா வந்தாள்.

"ஐயோ, என் பையனோட மஞ்ச ஜபலா! எவ்ளோ கரெக்டா இருக்கு பாருங்க. புதுத்துணி போட மாட்டோம், பழசு ஒண்ணுகூட இல்லைன்னு ரஞ்சனி மேலே வந்து கேட்டாங்க. ரெண்டு பை குடுத்தேன்."

வஞ்சமில்லாமல் சொன்னாள். சூடாமணி சிரித்து, "நல்லதாப் போச்சு" என்றாள். தங்கையின் பக்கம் அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை என்று ஸ்ரீரஞ்சனிக்கு இருந்தது.

யாரையும் பார்க்காத கற்பகம் அப்போது குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகக் குனிந்து, அதன் உள்ளங்காலைத் தொட விரலை நீட்டினாள். சூடாமணி அந்த மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"தொடாதே கற்பகம். பாப்பாவைத் தொடக் கூடாது."

"ஐயோ, தொடட்டும்க்கா!"

"வேண்டாம்டி" என்றாள் சூடாமணி. குரலில் கோபமே இல்லை. குழந்தையைத் தொட்டிலில் விட்டாள். லேகியத்தைக் காலையில் வெறும் வயிற்றில் சாப்பிடச் சொல்லிவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம் எத்தனை இரவு 'தொடக் கூடாது' என்ற அந்த வார்த்தையை நினைத்து ஸ்ரீரஞ்சனி அழுதாள் என்பதற்குக் கணக்கில்லை. போன் செய்தால் அக்கா நன்றாகத்தான் பேசினாள், பக்கத்து வீட்டாரிடம் பேசுவதுபோல. மூன்றாம் மாதம் பொறுக்க முடியாமல் குழந்தையோடு தி. நகருக்கே போனாள்.

"தப்பு பண்ணிட்டேன்க்கா. பயந்துட்டேன்."

சூடாமணி தங்கையைப் பாயில் உட்காரவைத்தாள். பிறகு, "எனக்கும் அந்தப் பயம் வந்திருக்கும்டி" என்றாள். "பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா நானே குடுத்திருக்க மாட்டேன். புதுசு வாங்கறேன்னு சொன்னியே, அதை நம்பி, உன் கொழந்தைக்கு எல்லாமே புதுசுன்னு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?"

இருவரும் அழுது முடித்தார்கள். அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு காபி போட எழுந்தாள். மன்னித்துவிட்டாள் என்றுதான் ஸ்ரீரஞ்சனிக்குத் தோன்றியது. குழந்தையைப் பாயில் கற்பகத்தின் பக்கத்தில் கிடத்தி, "தொட்டுப் பாருடா கண்ணா, உன் தங்கைதான்" என்றாள்.

கற்பகம் குனிந்து பார்த்தாள். குழந்தை காலை உதைத்துக்கொண்டு சிரித்தது. கற்பகமும் சிரித்தாள். சிரித்தபடியே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஸ்ரீரஞ்சனி ஒரு கையைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

டம்ளரைப் பிடிக்க ஒரு வருஷமும் செருப்பு மாட்ட இரண்டு வருஷமும் சொல்லிச் சொல்லிப் பழக்க வேண்டியிருந்த பெண், இதை மட்டும் ஒரே தடவையில் கற்றுக்கொண்டிருந்தாள்.