கைஸுக்குக் கேட்காத குரல்

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ஆண்கள் வீடு திரும்பியதும் எங்கள் ஐந்து பேர் அணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடும். ஜோர்டானின் அம்மான் நகரில் ஆளுக்கொரு மூலையில் வீடு; இணையத்தில் சேர்ந்து சுடும் ஆட்டம் ஆடுவோம். எதிரி எங்கே நிற்கிறான் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. தோற்கும் ஒவ்வொரு முறையும் அணித்தலைவன் கைஸ் பழியை என்மேல் போடுவான்.

"ருதைனா, நீ சொன்னது ஒண்ணுமே விளங்கல. உன் மைக் சுத்தக் குப்பை."

நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். காது மந்தமான கிழவர்கள்கூட நான் சொல்வதைப் புரிந்துகொண்டு மாத்திரை வாங்கிப் போகிறார்கள். இவனுக்கு மட்டும் விளங்காதாம்!

"போட்டிக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு. நல்ல ஹெட்செட்டா வாங்கு. இல்லன்னா வேற ஆளைப் பார்த்துக்கிறேன்" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மற்ற மூவரும் வாயே திறக்கவில்லை.

மறுநாள் கடைக்குப் போனேன். கடைக்காரர் அபூ நிதால் என்னைப் பார்த்ததும் பூனைக் காது வைத்த இளஞ்சிவப்பு ஹெட்செட் ஒன்றை எடுத்து வைத்தார்.

"பொண்ணுங்களுக்கு இதுதான் மகளே போகுது."

"காது எனக்கு ஏற்கெனவே ரெண்டு இருக்கு, மாமா. மைக் எப்படி?"

"தம்பிக்கா?"

"விளையாடறது நான்தான்."

அவர் நம்பாத முகத்தோடு கறுப்பு நிறத்தில் வேறொன்றை எடுத்தார். கேட்பது, பேசுவது எல்லாம் ஒன்றிலேயே முடிந்துவிடும் என்றார். மாட்டிப் பேசினேன், பதிவைப் போட்டுக் காட்டச் சொன்னேன். என் குரல் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவது போலிருந்தது. அடுத்து மேசைமேல் நிறுத்தும் தனி மைக்கில் பேசிப் பார்த்தேன். என் குரல் என் குரலாகவே வந்தது. தெருவில் சிலிண்டர் விற்றுப் போன கேஸ் வண்டியின் இசையும் கூடவே வந்தது.

"அது பாட்டுப் பாடறவங்க வாங்கறது மகளே. வேணாம்."

"நான் வாங்கினா வெடிச்சுடுமா?"

பஸ்ஸில் பாட்டுக் கேட்கும் ஹெட்ஃபோன் வீட்டில் நன்றாகவே இருந்தது. அது காதுக்கு, இது வாய்க்கு என்று முடிவு செய்து தனி மைக்கையே வாங்கினேன். சம்பளத்தில் பெரிய ஓட்டை. இருந்தாலும் இனி அவனுக்குச் சாக்கு இருக்காதே!

அடுத்த வெள்ளிக்கிழமை ஆட்டம் தொடங்கியது.

"மாடிப்படிக்கு இடது பக்கம் ரெண்டு பேர். போகாத கைஸ்!" என்றேன்.

நேராகப் போனான். செத்தான்.

"கேக்கவே இல்ல ருதைனா!"

அந்த நேரம் பார்த்து அம்மா மக்லூபா சோறு ஆறிப்போகிறது என்று கதவருகே வந்து நின்றார். நான் மைக்கை விட்டுத் திரும்பி, "இரும்மா. இந்தக் கழுதை இன்னிக்கும் கண்ணை மூடிக்கிட்டு ஓடுது" என்று முணுமுணுத்தேன்.

"யாரைக் கழுதைங்கற?" என்று சீறினான் கைஸ்.



"இது கேட்டுச்சா? மாடிப்படின்னு கத்தினது மட்டும் கேக்கலையா?" என்றேன்.

அவன் ஏதோ அவசரம், சத்தம் என்று இழுத்தான். அப்போது மற்ற மூவரில் ஒருவனான நவ்வார் மெதுவாகச் சொன்னான்: "வல்லா, சத்தியமா எங்களுக்கு எப்பவுமே கேட்டுச்சு ருதைனா. பழைய மைக்லயும் நல்லாத்தான் கேட்டுச்சு."

கைஸ்மேல் வந்த கோபத்தைவிட இவர்கள்மேல் வந்தது பெரிதாக இருந்தது.

"அப்போ மூணு பேரும் இத்தனை மாசம் வாயில என்ன வெச்சிருந்தீங்க?"

"அவன் கேப்டன்... எதுக்கு வம்புன்னு..."

"பொண்ணு சொல்லி ஆம்பள நகரக் கூடாது, அதானே? அதுக்கு என்னைக் கடை கடையா அலைய விட்டீங்களா?"

ஆட்டத்தின் பாதியிலேயே எழுந்து போய் மக்லூபா சாப்பிட்டேன்.

மறுநாள் கைஸ் எழுதினான்: "தங்கச்சி, கோவிச்சுக்காத. போட்டி நெருங்குது." எல்லோர் முன்னாலும் அவன், 'கேட்டும் கேட்காத மாதிரி நடித்தேன்' என்று ஒப்புக்கொண்டால் வருகிறேன் என்று பதில் போட்டேன். அவன் சொல்லவில்லை. என் இடத்தில் அவன் மச்சானைச் சேர்த்துக்கொண்டார்கள்.

வடக்கே இர்பித் நகரில் ஹியாம் என்றொருத்தி அணி நடத்துகிறாள். அவளிடம் ஓர் இடம் காலியாக இருந்தது. முதல் நாளே, "நீ சொல்லு, நாங்க நகர்றோம்" என்றாள். போட்டியில் மூன்றாவதாக வந்தோம். கைஸின் அணி முதல் சுற்றோடு வெளியேறியது. அதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் அந்த மூவர்மேல் இருந்த கோபம் அடங்கவில்லை.

போன வாரம் நவ்வார் எழுதியிருந்தான், ஹியாமின் அணியில் தனக்கு இடம் கேட்டுச் சொல்ல முடியுமா என்று. நான் இன்னும் பதில் போடவில்லை.